முத்திரை இல்லாத தராசு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் இப்போது படியேறச் சம்மதிக்கிறதா? இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் நலமா இல்லையா என்பதில்தான் இந்த வீட்டில் தகராறே. ஆகவே இதை உங்கள் தங்கையின் மேல் நான் கொடுக்கும் புகாராக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என் வியாதி உங்களுக்குத் தெரியும். பைபோலார். சில வாரம் மனசு தலைகால் புரியாமல் பறக்கும், சில வாரம் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாது. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. போன மாதம் டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, "தூக்கம், பேச்சு, எரிச்சல், எல்லாத்தையும் சேர்த்து தினமும் சாயங்காலம் பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் போடுங்க. நோய் எவ்வளவு கடுமையா இருக்குன்னு அப்பத்தான் தெரியும்" என்றார். முப்பத்தொரு வருடம் கடைத்தெருவில் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா விடுவேனா? "இந்த அளவை யாரு சோதிச்சது? எடைக்கல் எங்கே? என்னோட ரெண்டும் அடுத்த ஆளோட ரெண்டும் ஒரே எடையா?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி சார். உங்க வீட்டம்மாகிட்டயும் ஒரு நோட்டு கொடுத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரன் என்னைப் பார்த்ததும் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்கள் தங்கையைக் கவனித்தேன். நான் போனில் பேசினால் கடிகாரத்தைப் பார்க்கிறாள். குளிக்கும்போது பாடினால், கதவுக்கு வெளியே நின்று மடித்த துணியையே மறுபடி மடிக்கிறாள். சாயங்காலம் ஆறரைக்குச் சமையலறைக்குள் போய் மாவு டப்பாவுக்குப் பின்னால் கையை விடுகிறாள். அவள் மாடிக்குப் போன நேரம் பார்த்து நானும் கையை விட்டேன். நீல நோட்டு! தேதி, தேதிக்கு நேராக ஒரு எண், வேறு ஒரு எழுத்து கிடையாது. திங்கட்கிழமை நான் எனக்கு இரண்டு போட்டேன், அவள் ஆறு போட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமையும் நான் இரண்டு, அவள் எட்டு! அன்று விடிவதற்குள் வீட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன், உண்மைதான். அது வேலை மச்சான், அது வியாதியா? எட்டைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த மனநல வார்டில் இருபத்திரண்டு நாள் கிடந்தேனே, செருப்பைக்கூட வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களே. திரும்பவும் அங்கே போக எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஆனாலும் வெறும் சந்தேகத்தை வைத்து நான் வழக்குப் போடுகிறவன் இல்லை. எடை தெரிந்த கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பதுதான் முறை. ஆகவே புதன்கிழமை நானே கல்லானேன். காலை முதல் ஜன்னலோர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். பாட்டு இல்லை, போன் இல்லை, மொத்தம் மூன்றே வார்த்தைதான் பேசினேன்.

"ஏங்க, காப்பி ஆறுது."

"ம்."

"என்னங்க பண்ணுது? ஏதாவது பேசுங்களேன்."

"ஒண்ணுமில்லை."

"டாக்டருக்கு போன் போடட்டுமா?"

"வேண்டாம்."

பத்து தடவை வந்து எட்டிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அசைவேனா நான்? பூஜ்யத்துக்கு இதைவிடக் கிட்டே எந்த மனுஷனாலும் போக முடியாது. சாயங்காலம் நோட்டைப் பார்க்கிறேன், ஒன்பது! பறந்த அன்றைக்கு எட்டு, கல்லாய்க் கிடந்த அன்றைக்கு ஒன்பது! இது கள்ளத் தராசு இல்லாமல் வேறென்ன? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அந்த நோட்டு டாக்டரம்மா மேஜைக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் அண்ணன் என்ற முறையில் வந்து, நோட்டைப் பறிமுதல் செய்து, உங்கள் தங்கையைக் கறாராக விசாரிக்க வேண்டும். அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். பின்னறையில் ஓர் ஓரமாகக் கிடந்துகொள்வேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், எடை குறையாமல்.

இப்படிக்கு,
சரியான எடையை மட்டுமே நம்பும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: சாட்சியத்துக்காக அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் இணைக்கலாம் என்று நோட்டை மறுபடி எடுத்தேன். அட்டையின் உள்பக்கத்தில் டாக்டரம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "இன்று உங்களுக்கு எவ்வளவு பயமாக இருந்தது? உங்கள் பயத்தை மட்டும் எழுதுங்கள். அவருடைய நம்பரை அவரே போட்டுக்கொள்வார்." முப்பத்தொரு வருடத்தில் ஒரு தராசின் பெயர்த்தகட்டைப் படிக்காமல் நான் வழக்கு எழுதியதில்லை. அந்த ஒன்பது என்னுடையது இல்லை மச்சான், அவளுடையது. நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டேன், நாலுக்குக் கீழே ஒரு நாள்கூட இல்லை.

புகாரை வாபஸ் வாங்குகிறேன். என் தாளில் செவ்வாய்க்கிழமை இரண்டை அடித்து ஏழு என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், டாக்டரம்மா எங்கே அனுப்பினாலும் சரி. நீங்கள் அவசியம் வாருங்கள். ஆனால் என்னை அழைத்துப் போக வேண்டாம். அவளைப் பத்து நாள் உங்கள் வீட்டில் விட்டுவிட்டு, நீங்கள் இங்கே வந்து என்னோடு இருங்கள். நீல நோட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அந்தப் பத்து நாள் பயத்தை நீங்கள் எழுதுங்கள். கோபித்துக்கொண்டு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். நான் அவளைத் தூங்குவதற்கு அனுப்புகிறேன்.