ரெமிக்கு ஒரு நிதானமான நாள்

குதிரை ராட்டினம் சட்டென்று நின்றபோது ரெமியின் மரக்குதிரை மேலே இருந்தது. கீழே நின்ற குதிரைகளில் இருந்தவர்கள் காலை ஊன்றி இறங்கிவிட்டார்கள். ரெமிக்குக் கால் எட்டவில்லை.

"பெனிட்டோ, என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல ரெமி. மேல ஒரு சத்தம் கேட்டுச்சு. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

மரக்குதிரைகள் தாமாகத் துள்ளுவதில்லை. ராட்டினத்தின் கூரைக்குள் குடைக்கம்பிகள் மாதிரி இரும்புத் தண்டுகள் விரிந்திருக்கும். ஒவ்வொரு தண்டும் ஆங்காங்கே முழங்கைபோல மடங்கியிருக்கும். குதிரையின் கம்பி தொங்குவது அந்த மடிப்பில்தான். ராட்டினம் சுற்றச் சுற்றத் தண்டும் உருளும்; மடிப்பு மேலே போனால் குதிரை ஏறும், கீழே வந்தால் இறங்கும். தண்டு உருளும் இடத்தில் மசகு வற்றினால் மெல்லிய முனகல் ஒன்று வரும். மற்றவர்கள் அதை ராட்டினத்துப் பாட்டில் சேர்த்துக் கேட்டுக்கொள்வார்கள். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் தலை நரைத்த பெனிட்டோவால் அது முடியவில்லை.

"எங்க விதி அப்படி, அங்கிள்," என்றாள் ராட்டினத்தை ஓட்டும் ஜோலின். "யாராவது சத்தம் வருதுன்னு சொல்லிட்டா நிறுத்தியே ஆகணும். மெக்கானிக் வந்து பாத்து, சரின்னு சொன்னாத்தான் மறுபடி ஓடும்."

"அவரு எங்க?"

"சாப்பிடப் போயிருக்காரு."

வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா பெனிட்டோவைக் காட்டி ஏதோ சொன்னாள். வரிசை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது.

பெனிட்டோவுக்கு மனம் துவண்டுவிட்டது. கல்யாணமான பிறகு அவர் மனைவி ரெமிக்கு எத்தனையோ பிறந்தநாள்கள் வந்து போயின. ஒன்றுக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. கப்பல் ஒப்பந்தம் எப்போதும் பிப்ரவரியில் ஆரம்பித்து நவம்பரில்தான் முடியும். ரெமியின் பிறந்தநாளோ அக்டோபரில். ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து போன் பண்ணி, "இன்னிக்கு என்ன பண்ணின?" என்று கேட்பார். "பெரிசா ஒண்ணுமில்ல, நீ சாப்பிட்டியா?" என்பார் ரெமி. பிள்ளைகளை வளர்த்து, படிக்கவைத்து, வீடு கட்டி, புயலில் கூரை பறந்தபோது மறுபடி கட்டி, எல்லாம் தனியாக. அப்படிப்பட்டவளுக்கு வேண்டியது ஓய்வுதான் என்று பெனிட்டோ நடுக்கடலில் முடிவு செய்திருந்தார்.

இந்த வருஷம் ஓய்வு பெற்று வந்துவிட்டார். பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டதும், ரெமி யோசிக்காமல் லகுனா மாகாணத்தில் உள்ள இந்தக் கேளிக்கைப் பூங்காவைச் சொன்னார். பெனிட்டோ கொஞ்சம் திகைத்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. மரநிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறாள், பாவம்.

"அவசரமே கிடையாது. உயரம் கிடையாது, கூச்சல் கிடையாது. எல்லாம் மெதுவா," என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தார். ரெமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெனிட்டோவின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஏணி வந்தது. ரெமி ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"மன்னிச்சிரும்மா," என்றார் பெனிட்டோ ஜோலினிடம். "இவளுக்கு இன்னிக்குப் பிறந்தநாள். நிம்மதியா சுத்தட்டுமேன்னு கூட்டிட்டு வந்தேன்."

"ஆன்ட்டிக்குப் பிறந்தநாளா? முதல்லயே சொல்லக் கூடாதா?" ஜோலின் இழுப்பறையைத் திறந்து, தோசை அளவில் ஒரு மஞ்சள் சூரியனை எடுத்து ரெமியின் மார்பில் குத்தினாள். பூங்காவின் பிறந்தநாள் பதக்கம். பெனிட்டோ பெருமையோடு அதைச் சரி செய்துவிட்டார்.

அந்தச் சூரியனுக்கும் ஒரு விதி இருந்தது. அதைப் பார்க்கிற பூங்கா ஊழியர் யாராக இருந்தாலும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, கைதட்டி, வாழ்த்துப் பாட்டை முழுசாகப் பாட வேண்டும். முதலில் சோளம் விற்பவர் பாடினார். அடுத்து பெருக்குகிறவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாடினார். மூன்றாவதாக எருமை வேஷம் போட்டவர் வந்து, தலைக்குள்ளிருந்து பாடியதால் என்ன பாடுகிறார் என்றே தெரியாமல் கடைசிவரை பாடினார். நடுவில் நகர்வது மரியாதையில்லை என்று ரெமி ஒவ்வொரு பாட்டுக்கும் சிரித்த முகத்தோடு நின்றார்.

தூரத்தில் தடதடவென்று ஏதோ இறங்குகிற ஓசையும், அதோடு ஒரு பெரிய அலறலும் கேட்டன. ரெமி திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போலாமாப்பா?"

"அங்க ஒரே கூச்சல், ரெமி. உன் தலை வலிக்கும்."

மரநிழலில் ஒரு பெஞ்ச் கண்டுபிடித்தார்கள். உட்கார்ந்த கையோடு நீலச் சட்டைக் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. மின்விசிறித் தொழிற்சாலையிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். முன்னால் வந்தவர் பெயர் டெஸ்ஸி. மேற்பார்வையாளர் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அக்காவுக்குப் பிறந்தநாளா? சரி, எங்க விருந்து எங்க?"

கூட்டம் சிரித்தது.

இந்த நாட்டில் பிறந்தநாள் என்று யாராவது சொன்னால் அடுத்து வருகிற கேள்வி இதுதான். பிறந்தநாள்காரர்தான் விருந்து வைக்க வேண்டும் என்பதால் பஸ் கண்டக்டரும் கேட்பார், பல் டாக்டரும் கேட்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொன்னால் அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் தட்டோடு காத்திருப்பதில்லை. பாதி ஆயுளைக் கடலில் கழித்த பெனிட்டோவுக்கு இது மறந்தே போயிருந்தது. கப்பலில் ஒருவன் சாப்பாடு கேட்டால் அவனுக்குப் பசிக்கிறது என்று அர்த்தம்.

"எத்தனை பேரு இருக்கீங்க?" என்று கேட்டார்.

டெஸ்ஸியின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ அண்ணா, சும்மா கேட்டேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. எத்தனை பேரு?"

ரெமி பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தார். "ப்பா, அவங்க விளையாட்டுக்குக் கேக்குறாங்க."

"வெறும் வாயோட அனுப்பினா உனக்குத்தான் நல்லாருக்காது," என்று சொல்லிவிட்டு பெனிட்டோ உணவுக்கூடத்தை நோக்கி நடந்தார்.

வாழையிலை விரித்த முறங்களில் பன்சித் வந்தது. பிறந்தநாளுக்குச் சாப்பிடுகிற நீள நீளமான நூடுல்ஸ். ஆயுசும் அப்படி நீள வேண்டும் என்பதால் வெட்டாமல் இழுத்துத்தான் சாப்பிட வேண்டும். நீலச் சட்டைகள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தார்கள்.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகிற ஜனமா அவர்கள்? டெஸ்ஸி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா நமக்குச் சோறு போட்டிருக்காங்க. பெயின்ட் அடிக்கிற பிரிவு, நீங்க பாட்டு. அட்டைப் பெட்டிப் பிரிவு, நீங்க ஆட்டம். அக்கா நடுவுல உக்காந்து யாரு நல்லா ஆடினாங்கன்னு தீர்ப்புச் சொல்லணும்."

சுற்றுலாவுக்கு வாடகைக்கு எடுத்து வந்திருந்த பாட்டுப்பெட்டி இறங்கியது. ஒலிபெருக்கி ரெமியின் இடது காதுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. பெயின்ட் பிரிவில் இருந்த ஒருவர் காதல் தோல்விப் பாட்டு ஒன்றை ரெமியின் கண்ணைப் பார்த்தே பாடினார்.

பெனிட்டோ தவித்துப் போனார். ஓய்வு இப்படியா இருக்கும்? கூட்டத்துக்குள் புகுந்து, ரெமியின் மார்பிலிருந்த சூரியனைக் கழற்றித் தன் சட்டையில் குத்திக்கொண்டார்.

"இனிமே உன்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க," என்று காதில் சொன்னார்.

டெஸ்ஸியின் கண்ணில் பதக்கம் பட்டது. "அண்ணாவுக்கும் இன்னிக்குத்தானா?" என்று ஒலிவாங்கியில் கேட்டார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாள். பிள்ளைங்களா, முதல்லேருந்து ஆரம்பிங்க."

எங்கிருந்தோ எருமை ஓடி வந்து பெனிட்டோவைக் கட்டிக்கொண்டது.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் நழுவி, படகு ஓடையைப் பிடித்தார்கள். துடுப்பில்லாத படகு, மூங்கில் வளைவுகளுக்கு அடியில் தானே மிதந்து போய்த் தானே திரும்பி வரும். பெனிட்டோவுக்கு உயிர் வந்தது.

"எப்படிப் போகுதுன்னு தெரியுதா? ஓடைக்கு அடியில பம்பு இருக்கு. கீழ் முனையில இருக்கிற தண்ணிய எடுத்து மேல் முனையில ஊத்திக்கிட்டே இருக்கும். தண்ணி இறங்கி வர்றப்ப படகும் கூடவே வருது. இன்ஜினே கிடையாது. இதுக்கு மேல ஓய்வு எங்க கிடைக்கும்?"

"நல்லாருக்குப்பா," என்றார் ரெமி. மறுபடி அந்தத் தடதட ஓசை கேட்டது. இந்த முறை அவர் திரும்பவில்லை.

முதல் சுற்று முடிந்தபோது, படகு கொஞ்சம் வேகமாகத்தான் போகிறது என்று பெனிட்டோவுக்குத் தோன்றியது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் மெதுவா விட முடியுமா?"

பம்பு அறையில் இருந்தவர், "முடியாது சார்," என்று சொல்ல வந்து, சட்டையில் இருந்த சூரியனைப் பார்த்தார். பாட்டை முழுசாகப் பாடினார். பிறகு, பிறந்தநாள்காரர் கேட்டுவிட்டாரே என்று பம்பைக் குறைத்தார்.

படகு உண்மையிலேயே மெதுவாகப் போயிற்று. மூங்கில் வளைவைத் தாண்டியதும் இன்னும் மெதுவாகப் போயிற்று. மேலே ஊற்றுவது குறைந்தால் ஓடையில் இருக்கிற தண்ணீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும் என்பது பெனிட்டோவுக்குத் தெரியாத விஷயமில்லை. அது ஞாபகம் வந்த நேரத்தில் படகின் அடிப்பாகம் சிமென்ட் தரையில் கிரீச்சென்று உட்கார்ந்தது. பின்னால் வந்த படகு அதில் வந்து முட்டியது. அதற்குப் பின்னால் வந்ததும் முட்டியது. அதில் டெஸ்ஸி இருந்தார்.

"இங்கதான் இருக்கீங்களா? எங்கெல்லாம் தேடுனோம்," என்றார் அவர். "மிச்சப் பன்சித்தைப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருக்கேன் அண்ணா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

நடு ஓடையில், உச்சி வெயிலில், மடியில் பன்சித்தோடு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சட்டைகள் சலிக்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஊழியர்கள் கணுக்கால் தண்ணீரில் இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கரையேற்றினார்கள்.

கரையில் ஒரு கல்லின்மேல் பெனிட்டோ உட்கார்ந்துவிட்டார். காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். சூரியனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"நான் கப்பல்லயே இருந்திருக்கலாம், ரெமி."

"என்ன பேச்சு இது?"

"ஒரே ஒரு நாள். உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரே ஒரு நாள் நடத்திக் காட்டலாம்னு நினைச்சேன். அதுக்குக்கூட எனக்குத் துப்பில்ல. இத்தனை வருஷம் தள்ளியே இருந்தாச்சு. உனக்கு என்ன பிடிக்கும்னே எனக்குத் தெரியாமப் போச்சோ என்னமோ."

 ரெமி பொட்டலத்தைப் பிரித்து ஒரு இழை பன்சித்தை எடுத்து அவர் வாயருகே நீட்டினார். பெனிட்டோ அதை இழுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"முடிஞ்சுதா? இப்ப நான் சொல்ற இடத்துக்கு வருவியா?"

"எங்க வேணா வர்றேன்."

"சத்தம் கேட்டா யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

ரெமி எழுந்து நடந்தார். பலகைகளைப் பார்க்கவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. உணவுக்கூடத்தின் பின்பக்கம் புகுந்து, ஜெனரேட்டர் அறையைச் சுற்றி, ஒரு வேலி இடுக்கில் ஒருக்களித்து நுழைந்தார். ஈரக் காலணி சளக் சளக்கென்று ஒலிக்க பெனிட்டோ பின்னால் ஓடினார். வெளியே வந்தபோது, பூங்காவிலேயே உயரமான ரோலர் கோஸ்டரின் அடியில் நின்றிருந்தார்கள்.

"ரெமி, வேண்டாம். உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எங்க வேணா வர்றேன்னு சொன்ன."

வரிசை வேகமாக நகர்ந்தது. சட்டென்று அவர்கள் முறை வந்துவிட்டது. பெனிட்டோ திரும்பிப் போக எண்ணியபோது பின்னால் ஆட்கள் நின்றார்கள். ரெமி முதல் வரிசை இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பயத்தில் பெனிட்டோவுக்குப் பேச்சு பெருகியது.

"மேல ஏறும்போது டக்கு டக்குன்னு சத்தம் வரும், பயப்படாத. அது பழுது இல்ல. வண்டிக்கு அடியில ஒரு கொக்கி இருக்கும், பாதையில பல்லு பல்லா இரும்பு இருக்கும். ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் கொக்கி விழுற சத்தம் அது. சங்கிலி அறுந்தாக்கூட வண்டி பின்னால வராது. அது எனக்கு நல்லாத் தெரியும். நீ கண்ணை மூடிக்க. என் கையைப் பிடிச்சுக்க. எனக்காகத்தானே ஏறுற? நான் துவண்டு போயிட்டேன்னுதானே? பரவாயில்ல, இறங்கிடலாம், ரெமி, நான் சொல்லிப் பாக்கறேன்."

நரைத்த மீசையோடு ஒருவர் வரிசையாக இருக்கைக் கம்பிகளை இறக்கிக்கொண்டே வந்தார். முதல் வரிசைக்கு வந்ததும் நின்றார். ரெமியைப் பார்த்தார். பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏன்க்கா, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்து, 'பக்கத்து சீட்டு என் வீட்டுக்காரருக்கு, ஒருத்தரையும் உக்கார வைக்காதே'ன்னு என்கிட்ட சண்டை போட்டுட்டுத் தனியாப் போவீங்களே, ஒருவழியா அவரு கரை சேந்துட்டாரா?"