ஆத்மநாதனின் மூக்கும் கருப்பர் போத்தலும்

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் புதிதாக ஒரு வித்தை கற்கப் போகிறேன் என்று கிளம்பினால், வீட்டில் இருப்பவள் சந்தேகப்படத்தான் செய்வாள். அதுவும் ஆத்மநாதன் கிளம்பியது நீச்சலுக்கோ கம்ப்யூட்டருக்கோ இல்லை. விஸ்கி ருசி பார்க்க.

குடிக்க இல்லை, ருசி பார்க்க. இந்த வித்தியாசத்தை அவர் தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டார்.

எல்லாம் மச்சினன் தமிழ்செல்வனால் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற தமிழ்செல்வன் குன்றாண்டார்கோவிலில் புது வீடு கட்டிக் குடிபோனான். பந்தி முடிந்ததும் ஆம்பளைகள் மாடிக்கு நழுவினார்கள். தமிழ்செல்வன் ஒரு பச்சைப் போத்தலைத் திறந்து ஆளுக்கு ஒரு விரக்கடை, விரல் அகலம்தான், ஊற்றினான். சிங்கிள் மால்ட் என்றான். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, ஒரே ஆலையில் காய்ச்சி, பன்னிரண்டு வருஷம் மரப்பீப்பாயில் போட்டு வைத்தது என்றான். ஆத்மநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, பக்கத்தில் இருந்த பன்னீர் சோடாவை உடைத்து டம்ளர் நிறைய ஊற்றிவிட்டார்.

மாடியே சிரித்தது.

"மச்சான், பன்னெண்டு வருஷம் தவம் கெடந்தத ரெண்டு செகண்டுல கொன்னுப்புட்டீங்களே."

"நமக்கு இனிப்பு இருந்தாத்தான் எறங்கும் மாப்ள."

"இதுக்கு மூக்கு வேணும் மச்சான். மூக்கு."

அந்த வார்த்தைதான் சுட்டது. ஆத்மநாதன் பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கருகின காயிலை மோந்து பார்த்தே, அது லோ வோல்டேஜில் போனதா, தண்ணீர் இல்லாமல் ஓடிப் போனதா என்று சொல்லிவிடுவார். சுற்றுப்பட்டு விவசாயிகள் அவர் கையை நம்பியதைவிட மூக்கைத்தான் அதிகம் நம்பினார்கள். அந்த மூக்கைப் பார்த்தா இப்படி ஒரு பேச்சு?

கிளம்பும்போது தமிழ்செல்வன் ஒரு பையைக் கையில் திணித்தான். உள்ளே அதே மாதிரி ஒரு போத்தல், சீல் உடைக்காதது.

"பழகுங்க மச்சான். போன்ல வீடியோ கெடக்கு, பாருங்க. எந்தத் தீனிக்கு எப்புடி ருசி மாறுதுன்னு கத்துக்கங்க. கருப்பர் படையலுக்கு வாரப்ப இன்னொண்ணு கொண்டாந்து ஊத்துவேன். அத்தனை பேர் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன் மாப்ள. எழுதி வச்சுக்க."

போத்தல் வீட்டுக்குள் நுழைந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உலை வைக்க அரிசி டிரம்முக்குள் கையை விட்ட மனைவி உண்ணாமலை, படிக்குப் பதில் போத்தலை எடுத்தாள்.

"ஏங்க, இது என்னங்க?"

ஆத்மநாதனுக்கு வாயுத் தொந்தரவு. போன வருஷம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சரக்குப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் உண்ணாமலையிடம்தான் சொல்லி அனுப்பினார். அவளும் பயந்துபோய்த் தினம் ஒரு டம்ளர் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பாள். அவர் அதை மோந்துகூடப் பார்க்காமல் கொல்லையில் நிற்கிற வாழைக்கு ஊற்றிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். வாழை நன்றாகத் தழைத்திருந்தது.

"அது வந்து… கருப்பருக்கு."

"யாருக்கு?"

"கருப்பருக்குப் புள்ள. ஒன் தம்பி நேந்துக்கிட்டானாம், சீமைச் சரக்கு வச்சுப் படைக்கிறேன்னு. அதுவரைக்கும் நம்ம வீட்டுல வைக்கச் சொன்னான்."

"சாமிக்குள்ளதையா அரிசி டிரம்முல போட்டீங்க?"

"சுத்தமான எடமாச்சேன்னு."

உண்ணாமலை போத்தலைக் கண்ணில் ஒற்றி, கழுத்தில் திருநீறு பூசி, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அலமாரியில் வைத்தாள்.

"படையல் வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது. நீங்களுந்தான்."

அன்று சாயங்காலம் தம்பியோடு போனில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அக்காதம்பிக்குள் ஆயிரம் இருக்கும் என்று ஆத்மநாதன் கண்டுகொள்ளவில்லை. அவர் கவலையெல்லாம் அந்தச் சீல்தான். உடைத்தால் தெரிந்துவிடுமே.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது சீல் தானாக உடைந்திருந்தது.

"இத யாரு தொறந்தது?"

"நாந்தான். மூடி இறுகிக் கெடந்தா சாமி எப்புடி எடுத்துக்கும்? லேசா மூடித்தான் வைக்கணும்."

அப்படி ஒரு வழக்கம் எந்தக் கோயிலிலும் கிடையாது. ஆத்மநாதன் கேட்கவும் இல்லை. கருப்பரே வழிவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு உண்ணாமலை மாட்டை அவிழ்த்துவர வயலுக்குப் போவாள். போக வர அரைமணி. அதுதான் ஆத்மநாதனின் வகுப்பு நேரம். வீடியோவில் ஒரு தாடிக்காரர் பாடம் நடத்தினார். அடி அகன்று வாய் குறுகின கண்ணாடிக் கிண்ணம் வேண்டும் என்றார். வீட்டில் அதற்குக் கிட்டத்தில் இருந்தது மகள் இலக்கியாவுக்குப் பால் புகட்டின பாலாடைதான். வாயை லேசாகத் திறந்தபடி மோந்து பார் என்றார். பன்னிரண்டு வருஷச் சரக்கென்றால் பன்னிரண்டு செகண்டு நாக்கில் நிறுத்து என்றார். பிறகு ஒரு கடி. பிறகு மறுபடி ஒரு சொட்டு. சில சரக்கில் ஆஸ்பத்திரி வாசனைகூட வரும், பயப்படாதே என்றார்.

ஆத்மநாதனுக்கு முதல் நாளே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. கண்ணில் நீர் கட்டியது. பெருமையில்தான்.

எடுத்த அளவுக்குப் பால் ஊற்றாத டீயைப் போத்தலில் ஊற்றி, மஞ்சள் துணியைப் பழையபடி சுற்றி வைத்தார். மறுநாள் மோந்தால் காட்டம் கொஞ்சமும் குறையவில்லை. இவ்வளவு டீயையும் தாங்குகிறதே, இதல்லவா சரக்கு என்று வியந்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினார். முறுக்குக்குக் காரம் தூக்கல். நெத்திலிக்கு இனிப்பு முன்னால் வருகிறது.

"நாளைக்கு உப்புக்கண்டம் வறுக்கிறியா புள்ள?"

"நேத்துத்தான் நெத்திலி கேட்டீங்க. நாக்கு ஏன் இம்புட்டு நீளுது?"

"எல்லாம் ஒன் கைப்பக்குவந்தான்."

"இருவத்தாறு வருஷமா இந்தக் கைப்பக்குவம் எங்க போயிருந்துச்சாம்?"

ஆனால் வறுத்துப் போட்டாள். பன்னிரண்டு நாள் கண்டதையும் தின்றும் ஆத்மநாதனுக்கு வயிறு உப்பவில்லை. ஒரு ஏப்பம் இல்லை. தள்ளாட்டமும் இல்லை. உசத்திச் சரக்கு உடம்பைக் கெடுக்காது என்று அதையும் குறித்துக்கொண்டார்.

படையல் அன்று காலையில்தான் பயம் பிடித்தது. கணக்குப் பார்த்தால் போத்தலில் பாதிக்கு மேல் டீ. கருப்பருக்கு ஆறின டீயைப் படைத்தவன் என்று ஊர் சொல்வது இருக்கட்டும், கருப்பர் என்ன சொல்வாரோ. உண்ணாமலை போத்தலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். சாமியாடி மலையாண்டி அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தார். ஆத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

மலையாண்டி ஒரு ஆள் உயரத்துக்குக் குதித்தார். அருவாள் சுழன்றது. வழக்கமாக நாலு பேருக்குக் குறி சொல்கிறவர் அன்றைக்குப் பதினோரு பேருக்குச் சொன்னார்.

பாதி டீக்கே இந்த வீரியமா என்று ஆத்மநாதனுக்கு மயிர் கூச்செறிந்தது.

வீட்டுக்கு வந்து பந்தி போட்டார்கள். உண்ணாமலை கறி வாளியோடு நின்றாள். தமிழ்செல்வன் சொன்னபடி புதுப் போத்தலின் சீலை உடைத்து ஒரு விரக்கடை ஊற்றி நீட்டினான். அதே மார்க்கு, அதே பச்சை.

"சொல்லுங்க மச்சான்."

பங்காளிகள் சோற்றில் கைவைக்காமல் பார்த்தார்கள். ஆத்மநாதன் வாயை லேசாகத் திறந்து மோந்தார். கருகின வாடை. சந்தேகமே இல்லை, அஞ்சு எச்பி மோட்டார், தண்ணீர் இல்லாமல் ஓடினது. ஒரு வாய் வைத்தார். நாக்கில் நெருப்பு. டம்ளரைக் கீழே வைத்தார், தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி.

"மாப்ள, ஒன்னைய நல்லா ஏமாத்திப்புட்டானுங்க. இது டூப்ளிகேட்டு."

"ஏர்போர்ட்டுல வாங்குனது மச்சான்."

"எங்க வாங்குனா என்ன? ஒரிஜினல் எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"எப்புடி இருக்கும்?"

ஆத்மநாதன் கண்ணை மூடினார்.

"மோந்தா ஓமம். நாக்குல பட்டா சுக்கு. நடுவுல லேசா சித்தரத்தை. எறங்குறப்ப கருப்பட்டி. எத்தனை நாள் குடிச்சாலும் தள்ளாடாது, வயித்துக்கும் சொகம். அதுதான் மாப்ள ஒரிஜினல்."

கண்ணைத் திறந்தபோது தமிழ்செல்வன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலையாண்டி இலையில் முகம் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

"சாமிக்குன்னு சொன்னீங்க" என்றாள் உண்ணாமலை. "அதனால அத மொத நாளே தனியா ஊத்தி வச்சு, இன்னைக்குக் காலையிலதான் சாமிக்குக் குடுத்தேன். நடுவுல போத்தல்ல இருந்தது நான் காய்ச்சுன கஷாயம். தெனம் ஒங்க டீயக் கொட்டிட்டுப் புதுசா ஊத்துறதுக்குள்ள எனக்கு இடுப்பே போச்சு. வாழைக்கு ஊத்தாமக் குடிச்சீங்களே, அது போதும்."

ஆத்மநாதன் இலையைப் பார்த்தார். உண்ணாமலை குனிந்து ஒரு கரண்டி கறி வைத்தாள்.

"மூக்கு நல்ல மூக்குத்தான். மிளகை மட்டும் விட்டுட்டீங்க."