ஐயாயிரத்தைத் தொட்டால் அலறும்

காலை எட்டு மணிக்கு அந்த டிரெய்லர் அலுவலகத்துக்குள் இருந்தவர்கள்: சோதனை இயந்திரத்தை ஓட்டும் லைல், அதற்குச் சவ்வு செய்துகொடுத்த டெஸ்ஸா, மின்நிலையத்தின் வால்வுகளுக்குப் பொறுப்பான டார்லின், கையில் ஒரு தாளுடன்.

எட்டரைக்குச் சுவர் மீட்டர் ஆயிரத்தைக் காட்டியது. அறைக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று சொல்லும் மீட்டர் அது. ஐயாயிரத்தைத் தொட்டால் அலறும்.

"நேத்து பதிவுல நானூறுதானே இருக்கு?" என்றான் லைல்.

"நேத்து இங்க ஆளே இல்ல, தம்பி," என்றார் டார்லின்.

லைல் நகைச்சுவைக்குத் தயாராக இல்லை. அன்றுதான் முதல் ஓட்டம். நிலக்கரிப் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, டிரெய்லருக்கு வெளியே நிற்கும் இயந்திரத்தின் சவ்வுகள் வழியே செலுத்த வேண்டும். கரியமில வாயு மட்டும் சவ்வைத் தாண்டிப் பிரிந்துவிடும். மிச்சம் வானத்துக்குப் போகும். கசிவு என்று ஒரு சொல் வெளியே போனால் இயந்திரம் திங்கட்கிழமை லாரியில் ஏறிவிடும். லைல் மாமனாரின் டயர் கடைக்குப் போவான். வயோமிங்கில் இந்த இரண்டைத் தவிர வேறு வேலை அவனுக்குத் தெரியாது. மாமனாருக்கு அவனைத் தெரியும். அதுதான் பிரச்சினை.

"தம்பி, இதுல ஒரு கையெழுத்து..." டார்லின் தாளை நீட்டினார்.

"அப்புறம், டார்லின். இங்க உசுரு போகுது."

இயந்திரத்திலிருந்து கசிந்து ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வருகிறது என்று லைல் முடிவு கட்டினான். ஜன்னல்களுக்கும் கதவு இடுக்குக்கும் டேப் ஒட்டினான். அரை மணியில் மீட்டர் ஆயிரத்து எண்ணூறு.

"காத்தாடி வாய் இயந்திரத்தைப் பாத்துதானே இருக்கு? அதுதான் இழுத்து உள்ள விடுது," என்றாள் டெஸ்ஸா.

காற்றோட்ட விசிறியையும் நிறுத்தினார்கள். இரண்டாயிரத்து நானூறு.

அவ்வளவு துயரத்திலும் ஒரு ஆறுதல் இருந்தது. சவ்வு பிரித்தபின் வானத்துக்குப் போகும் மிச்சக் காற்றில் கரியமில வாயுவை அளக்கும் கருவி கிட்டத்தட்டப் பூஜ்யத்தைக் காட்டியது. இயந்திரத்துக்குள் வரும் புகையை அளக்கும் கருவி ஒரு வாரமாகப் பழுது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"டெஸ்ஸா, உன் சவ்வு ஒரு பொட்டு கூட வெளிய விடல! மொத்தத்தையும் முழுங்குது!" என்றான் லைல்.

"தொண்ணூறு வந்தாலே பெருசுன்னு நெனச்சேன்," என்றாள் டெஸ்ஸா. அவள் கண் கலங்கியது. லைல் டென்வரில் இருந்த இயக்குநருக்குப் போன் செய்து தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றான். இயக்குநர் யாரையோ கூப்பிட்டு அதையே உரக்கச் சொன்னது கேட்டது.

"அது எப்படி தம்பி..." என்று டார்லின் ஆரம்பித்தார்.

"அறிவியல், டார்லின். கொஞ்சம் உக்காருங்க."

டார்லின் உட்கார்ந்தார்.

கசிவைப் பிடிக்கக் குழாய் வேலை செய்யும் கஸ்ஸும் அவனுடைய ஆட்கள் மூன்று பேரும் வந்தார்கள். கூடவே கஸ்ஸின் நாய், கன்றுக்குட்டி அளவு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கசிந்தால் குமிழி வருமென்று இணைப்புகளில் பூச வைத்திருந்த சோப்புத் தண்ணீர் வாளியிலேயே கட்டியாகிவிட்டது. அது உருகும்வரை நாலு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாய் மீட்டருக்குக் கீழே படுத்து நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது.

மூவாயிரத்து அறுநூறு.

"வேகமா ஏறுதுண்ணே," என்றான் ஓர் ஆள்.

"பெரிய கசிவுடா. நான் இருபது வருஷமா பாக்கறேன், இப்படி ஏறினதே இல்ல," என்றான் கஸ். "நல்லா மூச்சு இழுத்துப் பாருங்க, வாசனை தெரியுதா?"

எல்லோரும் நன்றாக இழுத்து, நன்றாக விட்டார்கள்.

"அதுக்கு வாசனை கிடையாது," என்றாள் டெஸ்ஸா.

"அப்ப அதுதான்," என்றான் கஸ்.

டார்லின் தாளை மறுபடி நீட்டினார். "லைல், பதினொன்னாயிடுச்சு. கேன்டீன்ல இன்னிக்கு சில்லியும் சின்னமன் ரோலும். லேட்டானா தீந்துடும். நீ ஒரு கையெழுத்துப் போட்டா நான்..."

"சாப்பாட்டுப் பட்டியலா இப்ப முக்கியம்?"

"நான் அப்படிச் சொன்னேனா?" டார்லின் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அறுபத்திரண்டு வயது. முப்பது வருடமாகப் பொறியாளர்களைப் பார்க்கிறார். அவசரப்படமாட்டார்.

பாதுகாப்பு அதிகாரி ஆர்வில் வந்தபோது மீட்டர் நாலாயிரத்து ஐந்நூறு. ஆர்வில் கதவைச் சாத்தி, எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, ஆபத்து நேரத்தில் பதறாமல் இருப்பது எப்படி என்று இருபது நிமிடம் பேசினார். நல்ல கனத்த குரல். அவர் "ஆகவே, மூன்றாவதாக" என்றபோது மீட்டர் அலறியது. நாயும் அலறியது.

"எல்லாரும் வெளிய! சாமானை விடுங்க, ஓடுங்க!" என்று கத்தினார் ஆர்வில்.

கஸ்ஸின் ஆட்கள் முதலில் ஓடினார்கள், நாய் அவர்களையும் முந்தியது. டெஸ்ஸா சவ்வின் படம் இருந்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். லைலை ஆர்வில் கையைப் பிடித்து இழுத்தார். கடைசியாக டார்லின் கையுறை மாட்டி, தொப்பி கட்டி, நிதானமாக இறங்கினார்.

"முடிஞ்சது லைல்," என்றார் ஆர்வில். "அறிக்கையில கசிவுன்னுதான் எழுதுவேன். திங்கட்கிழமை லாரி வரும்."

லைலுக்கு டயர்களின் வாசனை இப்போதே அடிப்பது போலிருந்தது. உள்ளே மேசைமேல் விட்டுவந்த அவன் போன் அடித்தது. டென்வர்.

ஆர்வில் கதவை அறைந்து சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டினார். பனியில் எட்டுப் பேரும் நின்று, ஆளுக்கொரு புகைபோக்கி மாதிரி வெள்ளை வெள்ளையாய் மூச்சு விட்டார்கள்.

"டார்லின், சட்டுனு போய்ப் புகை வர்ற வால்வை மூடுங்க!" என்றார் ஆர்வில்.

டார்லின் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். மறு கையால் கழுத்தில் தொங்கிய வால்வுச் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"எதை மூடறது? திறக்கறதுக்குக் கையெழுத்துக் கேட்டுத்தானே காலையிலேந்து உக்காந்திருக்கேன். அந்த இயந்திரத்துல இன்னிக்குப் பூராவும் வெறும் காத்துதான், டிரெய்லருக்குள்ள கரியமில வாயு விட்டது நாமளும் நாயும் மட்டும்தான்."