சந்தனம் சாற்றிய டச்பாட்

மடிக்கணினி அரச சொத்து. அரச சொத்துக்கும் வருடத்தில் ஒருநாள் பூசை உண்டு. வெள்ளவத்தையில் சான்றிதழ்ப் பிரதிகள் வழங்கும் உப அலுவலகம் ஒன்றில், கடந்த வாணி விழாவன்று, அங்கிருந்த ஒரேயொரு மடிக்கணினிக்குச் சந்தனம் சாற்றினார்கள். அதற்கு மிகவும் தோதான இடம், விரலால் தடவித் திரையின் அம்பை நகர்த்தும் டச்பாட்தான் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மறுநாள் திரையில் அம்பு அசையவில்லை. ஐந்து மாதமாக அசையவேயில்லை.

போன வெள்ளிக்கிழமை, என் விவாகப் பதிவின் பிரதி கேட்டு மூன்றாம் முறையாகப் போனேன். கோயிலில் அர்ச்சனை முடித்து நேரே வந்ததால் கையில் பிரசாதப் பொட்டலம் இருந்தது. எனக்கு முன்னால் உஷாந்தி என்றொரு பிள்ளை.

"ஐயா, நாளைக்குக் காலமை களுபோவில ஆஸ்பத்திரியிலை நேர்ஸிங் இன்டர்வியூ. பிறப்புப் பதிவு இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம்."

கண்ணாடிக்குப் பின்னால், பிரதம முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் சிவபாதசுந்தரம் அனுதாபத்துடன் தலையாட்டினார். அந்த அலுவலகத்தில் படிவம் நிரப்பாமல் கிடைப்பது அனுதாபம் மட்டும்தான்.

"டச்பாட் வேலை செய்யேல்லைப் பிள்ளை."

"ஒரு மவுஸ் வாங்கினாக் காணுமே?"

"டச்பாட் இருக்கிற மெசினுக்கு மவுஸ் ஏனெண்டு கணக்குப் பாக்கிற ஓடிட் கேக்கும்."

"என்ரை மவுஸைக் கொண்டு வரட்டோ?"

"வெளியாளின்ரை சாமானை அரசாங்கச் சொத்திலை பூட்ட ஏலாது."

உஷாந்தி எட்டிப் பார்த்தாள். "ஐயா, சந்தனமெல்லே காய்ஞ்சு கிடக்கு! துடைச்சாச் சரி."

"அது எங்களுக்கும் தெரியும்" என்றவர், மனம் நொந்து கடிதக் கோவையைத் திறந்து காட்டினார். சந்தனம் சமயம் சார்ந்த விடயமாகையால் தமது அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தொழில்நுட்பப் பிரிவு எழுதியிருந்தது. கணினி அரச சொத்தாகையால் தாம் கைவைக்க இயலாது என்று, பூசை நடத்திய நலன்புரிச் சங்கம் எழுதியிருந்தது. இரண்டு கடிதங்களிலும் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

உஷாந்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைலேஞ்சியை நனைத்தாள். கண்ணாடியின் கீழ் இடைவெளியால் கையை விட்டு ஒரு துடை துடைத்தாள். அம்பு ஓடியது! வரிசையே கைதட்டியது. எல்லாரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

சிவபாதசுந்தரத்தின் முகம் வெளிறிவிட்டது.

"என்ன பிள்ளை செய்தனீர்? திங்கக்கிழமை மூண்டு பேர் கொண்ட குழு பழுதைப் பாக்க வருது. பழுது இல்லையெண்டா, ஐஞ்சு மாசமா நான் என்ன செய்தனான் எண்டெல்லே கேப்பினம்!"

"என்ரை பிரதியைத் தந்திட்டு என்னவும் செய்யுங்கோ." அவளுக்கு அழுகை முட்டியது.

அவரும் பெண்பிள்ளை பெற்றவர்தான். பிரதியை அச்சடித்தார். வாணி விழாவுக்கு முந்திய திகதியைப் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அடுத்தது என் முறை அல்லவா?

அவர் வரிசையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரிட்டையும் கொஞ்சம் சந்தனம் இருக்கோ?"

வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், சந்தனம் கேட்பவருக்கு இல்லையென்று சொல்வதா? என் கை பொட்டலத்தை நீட்டிவிட்டது. அவர் பயபக்தியுடன் டச்பாட் முழுவதும் அப்பினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான்.

"அடுத்தது ஆர்?"

"நான்தான் ஐயா."

"டச்பாட் வேலை செய்யேல்லை."

"ஓம் ஐயா, தெரியும்" என்றேன். குங்குமமும் வேணுமோ என்று கேட்டேன்.