கிற்றாருக்குள் வந்த பொலிஸ்

இருபது வயதில் எல்லோருக்கும் தாங்கள் ஒரு மேதை என்று தோன்றும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தோன்றியது. (தலைமயிரும் அதற்கேற்ற நீளம்.)

கலியாணமாகிக் கனடாவுக்குப் போகவிருந்த அக்காவுக்கு, நானே போட்ட மெட்டொன்றை சீடியில் பதிந்து தருவதாகச் சொல்லியிருந்தேன். எலெக்ட்ரிக் கிற்றார் நண்பனுடையது, கொம்பியூட்டர் அப்பாவுடையது. கிற்றார் வயரின் பெரிய முனை, மைக் செருகும் சின்னத் துளைக்குள் போகவில்லை. பழைய வயர் இரண்டை முறுக்கி, டேப் சுற்றி, ஒரு மாதிரிப் பொருத்தினேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மூன்றாம் மாடி. பின்னேர வெயில். ஜன்னல் சீலை ஊதி ஊதி அடங்கியது. கண்ணை மூடி வாசித்தேன். தண்டவாளம், அலை, காகம் எல்லாம் என் விரல்களுக்காகக் காத்து நிற்பதுபோல் இருந்தது. அப்போது ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல் சிங்களத்தில் கேட்டது:

"பத் பார்சல் ஆவத?"

சோற்றுப் பார்சல் வந்துவிட்டதா என்று. இசை முற்றினால் இப்படித்தான் அசரீரி கேட்குமாக்கும் என்று நினைத்து (உண்மையாகத்தான்) தொடர்ந்து வாசித்தேன்.

கீழே பொலிசார் வீடுவீடாக அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறுக்கு வயர் அவர்களுடைய வோக்கி டோக்கியைப் பிடித்திருக்கிறது. படியேறி வந்த அதிகாரி, தன் குரலை எங்கள் வீட்டுக்குள்ளிருந்து தானே கேட்டார்.

அந்தப் போர்க்காலத்தில் தமிழ்ப் பெடியன் ஒருவனின் அறையில் பொலிஸ் குரல் கேட்பது விளையாட்டில்லை. அம்மா எல்லாருடைய அட்டைகளையும் ஒன்றாக நீட்டினார். வோக்கி டோக்கி 'செட்' எங்கே என்று அதிகாரி கேட்டார். நான் கிற்றாரைக் காட்டினேன். அவர் முகம் இன்னும் இறுகியது. அக்காதான் சிங்களத்தில் விளக்கி, பதிவைப் போட்டுக் காட்டினாள்.

நின்றபடியே முழுவதையும் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் அம்மாவிடம் சொன்னார்:

"அம்மா, என்ட குரல் நல்லம். மல்லி வாசிக்கிறதுதான் கொஞ்சம்..."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, அதாவது நான். மீதியைக் கையால் சொன்னார். வயரைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதிரையில் சாய்ந்தார். "தம்பி, இனிப் புல்லாங்குழல் பழகு. அதுக்கு வயர் இல்லை."

மறுபடி பதிய எனக்குத் துணிவில்லை. அக்கா அதையே கொண்டுபோனாள். அவளுடைய பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் தூங்கி வளர்ந்தார்கள். அவர்களுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் குடும்ப விசேஷங்களில் யாராவது அந்த மெட்டை முணுமுணுத்தால், சரியான இடத்தில் குரலைத் தடிப்பாக்கி, சோற்றுப் பார்சலை உருக்கமாகப் பாடுகிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

கிற்றாரைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.