இரண்டாம் பக்கத்தைக் காணோம்

அன்புள்ள சின்ன மச்சானுக்கு,

மைக்செட் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே சுகம். அவள் குரல் அதைவிடச் சுகம். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிறது. எழுதத் தாள் தேடிக் கிடைக்காமல், ஆம்ப்ளிஃபயர் ஆடாதிருக்க அடியில் மடித்துச் செருகியிருந்ததை உருவி எழுதுகிறேன். ஒரு பக்கம் சுத்தமாக இருக்கிறது, நமக்கு அது போதும்.

என் அண்ணன் வார்டு தேர்தலில் ஜெயித்துவிட்டார்! மூன்று முறை தோற்றவரிடம், "இந்தத் தடவையும் கவுந்தீங்கன்னா மேடைப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்று அண்ணி கெடு வைத்திருந்தாள். அதனால்தானே பேச்சிலேயே ஓட்டை அள்ளிவிட வேண்டுமென்று உன்னிடம் எழுதி வாங்கினார். முன்னாடியே படித்தால் சூடு ஆறிவிடுமாம், மேடையில்தான் பிரித்தார். கடைசிக் கூட்டம், நல்ல ஜனம். "நான் ஜெயித்து வந்தால் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது" என்று முழங்கினார் பார், அத்தோடு பக்கம் முடிந்தது. முற்றுப்புள்ளிகூட இல்லை. புரட்டினால் அடுத்த பக்கத்தைக் காணோம்! மனுஷர் "நன்றி, வணக்கம்" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு மைக் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போது முன்வரிசையில் தையல்கார அக்கா எழுந்து, "முப்பது வருஷத்துல உண்மை பேசின மொத ஆளு இவருதாம்ப்பா!" என்றாளே, கைதட்டலில் என் ஸ்பீக்கர் கிழியப் பார்த்தது. மறுநாள் எதிராளியும், "நான் ஜெயிச்சாலும் வராது!" என்று கத்திப் பார்த்தார். எடுபடவில்லை. அவருக்கு அந்த நயம் வரவில்லை.

நாற்பத்தொரு ஓட்டில் வெற்றி. பத்து நாளாச்சு, அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை, ஒரு சொட்டு வரவில்லை. அண்ணிக்கு மட்டும் உன்மேல் கோபம். "ரெண்டாம் பக்கத்தை அனுப்ப மறந்த பய" என்கிறாள். நானும் ஆமாம், அவன் அப்படித்தான் என்று அடித்துச் சத்தியம் செய்தேன். அண்ணனோ, "மறதி இல்லடா, ராஜதந்திரம்! எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்டா அவன்" என்று பூரிக்கிறார். இனி அவர் பேச்செல்லாம் நீதான் எழுதவேண்டுமாம்.

நீயும் உன் டைப் மெஷினும் குறையில்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

இப்படிக்கு,
மைக்செட் அத்தான்

பின்குறிப்பு: கவரில் போட மடிக்கும்போதுதான் பார்த்தேன், இந்தத் தாளின் பின்பக்கம் ஏதோ டைப் அடித்திருக்கிறது. "என்ற பேச்சுக்கே இனி இடமில்லை" என்று ஆரம்பிக்கிறது. அன்று மேடையில் ஆம்ப்ளிஃபயர் ஆடியதும் அண்ணன் கவரைப் பிரித்ததில் காலடியில் விழுந்த தாளை எடுத்துச் செருகியவன் நான்தான், மச்சான். நீ ராஜதந்திரியாகவே இரு. படித்ததும் கிழித்துவிடு, உன் அக்காவிடம் மூச்சு விடாதே.