இடம் விட்டு வைத்த கம்ப்யூட்டர்

வாசகரே, இன்று நாம் பார்க்கப்போகும் ரகத்துக்கு ‘இடம் விடுவோர்’ என்று பெயர். எல்லா ஊரிலும் உண்டு. எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் ஷூ வாங்கி, முன்னால் பஞ்சை அடைத்துக்கொண்டு டக்டக்கென்று நடப்பவர்கள். சின்னக் குடும்பத்துக்குக் கல்யாண வீட்டுக் குக்கரை வாங்கி வந்து, அதன் அடியில் கைப்பிடி அரிசியைப் போட்டுவிட்டுக் கரண்டியால் துழாவித் தேடுபவர்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். “பின்னாடி ஆவும்” என்பார்கள். குக்கர் சரி, ஷூ எப்படி ஆகும்? கால் வளர்வது எப்போதோ நின்றுபோயிற்றே? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

இந்த ரகத்தின் அசல் மாதிரி வேண்டுமென்றால் சாம்பியன் ரீப்ஸுக்கு வாருங்கள். அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், மனைவி அன்புச்செல்வியோடும் மாமனார் அப்பாதுரையோடும் குடியிருக்கிறான் வேந்தன். மேலே சொன்ன ஷூவும் குக்கரும் அவனுடையவைதான்.

கணவனும் மனைவியும் தினமும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்கள். நின்றுகொண்டே தூங்குவதில் அன்புச்செல்வி தேர்ந்தவள். அவளுக்குத்தான் அந்த நல்ல காலம் வந்தது. கன்னட வீடியோக்களில் பேசுவதைக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொடுக்கும் வேலை; வீட்டிலிருந்தே செய்யலாம். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் சந்தையில் தெலுங்குமாக வளர்ந்தவளுக்கு அது பெரிய காரியமா? சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதில் உட்கார்ந்து ஒரு பரீட்சை எழுத வேண்டும், அவ்வளவே நிபந்தனை. பழைய ஆபீசில் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லியும்விட்டாள். சீட்டு எடுத்த பணத்தைக் கணவன் கையில் கொடுத்து, “சின்னதா, ஓடுற மாதிரி ஒண்ணு வாங்கினு வாங்க. அது போதும்” என்றாள்.

சின்னதா! வேந்தனிடமா!

பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் லாய்ட், அளவாக ஒன்றைத் துடைத்து எடுத்துக் காட்டினார். “வீட்டுக்குப் போங்க, பிளக்க சொருவுங்க, வேலைய பாருங்க.” வேந்தன் அதன் முதுகைத் தட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

“இதுல பின்னாடி எதுனா போட எடம் இருக்குதா?”

“இன்னா போடப் போறீங்க?”

“எதுனா.”

இந்த ‘எதுனா’வுக்கு இடம் தேடித்தான் அவன் பெங்களூருக்குப் போனான். ஒரு வாரம் பார்த்த கம்ப்யூட்டர் வீடியோக்களெல்லாம் தலைக்குள் சுற்ற, பத்து ஃபேன் பொருத்தக்கூடிய கேபினெட்டில் ஒரே ஒரு ஃபேன், ஒரு தெருவுக்கே வெளிச்சம் தரக்கூடிய பவர் சப்ளை, நாலு ராம் குச்சி சொருக வசதியுள்ள மதர்போர்டில் ஒரே ஒரு குட்டி ராம் என்று வாங்கிக்கொண்டே போனதில், பிராசஸருக்கு வரும்போது பணம் இளைத்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு பிராசஸர் இருந்தது. கடைசியில் ‘எஃப்’ போட்டது மட்டும் விலை குறைச்சல். அதைத் தொட்டான்.

“கிராபிக்ஸ் கார்டு இதெயா சார்?” என்று, கார்டு இருக்கிறதா எனக் கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர். கார்டு என்பது கம்ப்யூட்டரில் விளையாடுகிற பிள்ளைகளின் சமாச்சாரம் என்பது வேந்தனின் உறுதியான எண்ணம். “அது ஆமேலெ” என்றான். கன்னடத்திலும் அதே ‘பின்னாடி’தான். கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் பில் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேந்தன் எல்லாவற்றையும் பூட்டி முடித்தான். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியை வெளியே தூக்கிப் போட்ட பிறகுதான் கேபினெட்டுக்கு இடம் கிடைத்தது. சுரங்கக் குழியான ஷாஃப்ட்டில் கேஜ் என்ற கூண்டில் இறங்கி ஷிப்டு பார்த்து ஓய்வுபெற்ற அப்பாதுரை, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, ஷாஃப்ட்டு மாதிரி கீது! கேஜ் எப்ப எறங்கும்?”

“அதெல்லாம் எடம் மாமா. பின்னாடி அப்கிரேடு பண்றதுக்கு.”

“லெவல் லெவலா நல்லா வெட்டி வெச்சிக்கிறீங்க. தங்கத்ததான் காணோம்.”

வேந்தன் ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுழன்றது. கேபினெட் சிவப்பாகி, நீலமாகி, பச்சையாகி, திருவிழாப் பந்தல்போல ஜொலித்தது. அன்புச்செல்வி கைதட்டினாள். திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி வந்து, அதுவும் சலித்துப்போய் அணைந்துவிட்டது.

ஒயரைப் பிடுங்கினான், மாட்டினான். ராமைக் கழற்றி ஊதினான், இடம்தான் நிறைய இருக்கிறதே என்று வேறு வேறு பள்ளத்தில் சொருகினான். திரையைத் தட்டினான். அன்புச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் மானத்தை ஓரமாக வைத்துவிட்டு லாய்டுக்குப் போன் போட்டான்.

“பிராசஸர் பேருக்குக் கடைசில எஃப் இருக்குதா?” என்றார் லாய்ட்.

“இருக்குது.”

“போச்சு. எஃப் இருந்தா அதுல படம் வராது. தனியா கார்டு போட்டாத்தான் வரும்.”

வேந்தன் சுவரில் சாய்ந்தான். “நான் எஃப்னா ஃபியூச்சர்னு நெனச்சேனே!”

அப்பாதுரை மெல்ல வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை நாளைக்கு. இருந்த வேலையை விட்டாயிற்று. சீட்டுப் பணம் பெட்டிக்குள் போய்விட்டது. அவள் கேபினெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“இதுல எதெது சும்மா கெடக்குது?”

“சும்மா எதுவும் இல்ல அன்பு. எடம்தான்.”

“அந்த எடத்தையே வித்துடலாம்.”

ஐயோ, அந்த வார்த்தை! பிள்ளையைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தால்கூட அவன் அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தான், ஒயர்களைக் கழற்றத் தொடங்கினான்.

மறுநாள் காலை லாய்ட் கடையின் ஷட்டர் தூக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. பின்சீட்டு முழுக்கக் கேபினெட்டுக்குப் போய்விட்டதால் வேந்தன் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி வந்திருந்தான். அன்புச்செல்வி, கேபினெட்டின்மேல் கை போட்டு, சீட்டின் நுனியில். பேரம் அவளே பேசினாள். பெரிய கேபினெட்டும் தெருவுக்கே வெளிச்சம் தரும் பவர் சப்ளையும் லாய்டுக்கு. அவருடைய பழைய சாதாரண கேபினெட், சின்ன பவர் சப்ளை, தூசி தட்டிய ஒரு பழைய கார்டு இவளுக்கு. லாய்ட் எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டி ஸ்விட்சைத் தட்டினார். ஜொலிப்பு இல்லை, பந்தல் இல்லை. படம் வந்தது.

ஆனால் வீட்டுக்குப் போக நேரமில்லை. அன்புச்செல்வி கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வேந்தன் வாசலில் காவலுக்கு நின்றான். போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்த ஏனோக்கை மார்பில் கைவைத்துத் தடுத்து, “உள்ள பரீட்ச நடக்குது” என்றான்.

“கம்ப்யூட்டர் கடையில இன்னா பரீட்ச?”

“மெதுவா பேசுங்க!” என்று வேந்தன் கத்திய கத்தலுக்கு எதிர்ச்சாரிப் பேக்கரிக்காரர் வெளியே வந்து பார்த்தார். ஹாரன் அடித்த ஆட்டோவைக் கும்பிட்டான். உள்ளே விசைப்பலகையின் சடசடப்பு ஒருகணம் நின்றால் அவன் மூச்சும் நின்றது; மறுபடி சடசடத்ததும் வந்தது.

பரீட்சை முடிந்து ஹெட்போனைக் கழற்றியவள், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள். “எடுத்துக்கினாங்க” என்றாள். வேந்தன் நடுக்கடையில் நின்று அழுதுவிட்டான். ஏனோக், விஷயம் தெரியாமலே, கைகொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேந்தன் லாய்டிடம் ரகசியமாகக் கேட்டது இது: “ராம் போடுற எடம் மூணு இன்னும் காலியாத்தானே இருக்குது?”

இப்போது அன்புச்செல்வி, ரயில் கூவும்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். வேந்தன் தனியாக ரயிலேறி, பக்கத்து சீட்டுக்காரரிடம், மனைவியின் வேலைக்குத் தோதாக ஆறு டிராயர் வைத்த மேஜை ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொல்கிறான். டிராயரில் என்ன வைப்பது? அதைக் கேட்டவர் இரண்டு ஸ்டேஷன்வரை பதில் கேட்க வேண்டியிருந்தது.

வேந்தனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. அப்படியே எழுந்து உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். டிவி வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதா? இருந்தால் பரவாயில்லை, எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதற்குள் மிக்ஸி வந்த பெட்டியும், அதற்குள் செல்போன் வந்த பெட்டியும் இருந்தால், முற்றிவிட்டது. கடைசிப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டாம். அதற்குள் காலி ஸ்வீட் டப்பா இருக்கும்.